பச்சைப் புள்ளி போட்ட மாத்திரை

என் வீட்டுக்காரருக்குப் பல வருஷமாக நைட் ஷிப்ட். ஓசூரில் பம்ப் பாகங்கள் செய்கிற கம்பெனி. விடிந்து வந்து படுத்தால் வெயில் இறங்கித்தான் எழுவார். முட்டி வலி என்று போனபோது, வைட்டமின் டி குறைவு என்று டாக்டர் வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை முடிந்தது, வலியும் குறைந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

கூட வேலை செய்கிறவர் சொன்னார் என்று, அத்திப்பள்ளியில் ஒரு கடையில் இவராகவே வைட்டமின் டி ஒரு டப்பா வாங்கி வந்தார். டாக்டர் சீட்டெல்லாம் கேட்கவில்லையாம். ஆரஞ்சு மிட்டாய் மாதிரி சப்பிச் சாப்பிடுவது. தினமும் சாப்பிட்டதும் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார்.

நான் கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். "ஏங்க, அது வாரத்துக்கு ஒண்ணுதானே?" என்றேன்.

"அது மருந்தும்மே. இது சாப்பாடு. பாரு, பிஸ்கட் பாக்கெட்ல இருக்கிற பச்சைப் புள்ளி. உணவு லைசென்ஸ் நம்பரே போட்டிருக்கான். கடைக்காரன்கூட 'ஏனூ ஆகல்ல', ஒண்ணும் ஆகாதுன்னு சிரிக்கறான்."

எட்டாவதோடு நின்றவள், அட்டையில் அச்சடித்ததோடு சண்டையா போட முடியும்? ஆனால் கொஞ்ச நாளில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் மட்டும் சொம்பு சொம்பாகக் குடித்தார். ஒரு நாள் டாக்டர் கொடுத்த பழைய அட்டையைத் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதிலும் அறுபதாயிரம் யூனிட், இதிலும் அறுபதாயிரம். வாரத்துக்கு ஒன்று சாப்பிடுவதைத் தினமும் தின்றிருக்கிறார். அன்றைக்கே அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், அது கிட்னிக்கு ஆகாது என்று டெஸ்டுக்கு அனுப்பினார். ரிசல்ட் மறுநாள் மதியம்.

மறுநாள் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. அந்த டப்பாவின் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"ரத்தம் குடுத்தது நானு, நீ எங்க கெளம்பிட்ட?"

"கிருஷ்ணகிரிக்கு. இதை இப்படி விக்கலாமான்னு கேக்கப் போறேன்."

"கலெக்டரைக் கேட்டதாச் சொல்லு."

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு அதிகாரியம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உணவுன்னு விக்கிறதுல இவ்வளவு டி இருக்கவே கூடாதும்மா. ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவையான அளவுதான் போடலாம். இந்த அளவுன்னா அது மருந்து. மருந்துச் சட்டத்துக்குக் கீழ வரணும். எங்க வாங்குனீங்க?"

அத்திப்பள்ளி என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு எட்டு இந்தப் பக்கம் வாங்கியிருந்தா நானே போய் சாம்பிள் எடுத்திருப்பேன். அது கர்நாடகா. பரவால்ல, அங்க இருக்கறவங்களுக்கு எழுதறேன். ஓசூர் கடைங்களையும் பாத்துடறேன்." பிறகு, "சாரு எப்படி இருக்காரு?" என்றார். மதியம்தான் தெரியும் என்றேன்.

திரும்பும்போது குருபரப்பள்ளி பக்கத்தில் போன் அடித்தது, அவர்தான். காற்றிலும் ஹாரனிலும் "கால்சியம்" என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். "ஓசூருக்குல்ல டிக்கெட் எடுத்த?" என்று கண்டக்டர் கத்தினார்.

"கால்சியம் சரியா இருக்குதாம்மே. டி மட்டும் எகிறிக் கெடக்குதாம். தானா எறங்கும், ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னாரு."

"கிட்னி?"

"அதுவும் நல்லா இருக்குது."

"பேப்பரைப் பாத்துப் படிங்க."

"படிச்சா உனக்கு என்னா புரியும்?"

"புரியாட்டிப் போவுது, படிங்க."

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ரோட்டோரக் கடையில் டீயும் போண்டாவும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். லாரி போகும்போதெல்லாம் ஒன்றும் கேட்காது. விட்ட இடத்திலிருந்து மறுபடி படிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே படித்தார்.