காகத்துக்கு விட்ட குலை

சுவிஸ் நாட்டில், நொஷாட்டல் ஏரிக்கு மேலே, சரிவெல்லாம் திராட்சை நிற்கும் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். புரட்டாசியில் அறுவடை. வெளியூரார் வந்து கொடியையும் ஏரியையும் படம் எடுப்பார்கள். எங்கள் வீட்டார் கத்தரிக்கோலோடு கூலிக்குப் போவார்கள்.

எனக்கு எட்டு வயதான வருடம், அம்மாவின் தம்பியைக் கட்டிக்கொண்டு எங்கள் சொந்த ஊரிலிருந்து மாமி வந்து சேர்ந்தார். படம் பார்த்துப் பேசிமுடித்த கல்யாணம். மாமாவுக்கு வாய் திறக்கத் தெரியாது. மாமிக்குத் திறக்க மனமில்லை. "இந்தக் குளிர் எனக்குச் சரிவராது மச்சாள், நான் ஊருக்கே போறன்" என்று மாமி அம்மாவிடம் அழுதது எனக்கும் கேட்டது.

"ரெண்டு ஊமையளை ஒரு வீட்டுக்கை விட்டா ஆர் முதல்லை கதைக்கிறது?" என்று கவலைப்பட்ட அம்மா, அந்தச் சனிக்கிழமை மாமியையும் தோட்டத்துக்கு இழுத்து வந்தார்.

நாங்கள் குலைகளை வெட்டி வாளியில் போட, மாமா முதுகுக்கூடையில் வாங்கிச் சுமந்தார். மாமி வெட்டிய நிரையின் முடிவில் ஒரு குலை அப்படியே தொங்கியது. தோட்டக்காரப் பெண்மணி அதைக் கண்டு கைதட்டி, பிரெஞ்சில் கூவினார். மொழிபெயர்க்க நான்தானே இருந்தேன்.

"மாமி, குலையை மறந்து விட்டா, கூடை சுமக்கிறவர் வந்து கன்னத்திலை முத்தம் கொஞ்சுவாராம். இஞ்சத்தை வழக்கமாம்."

"ஐயோ, ஆர் மறந்தது? காகத்துக்கெண்டு விட்டனான்!"

அதையும் பிரெஞ்சில் சொன்னேன். பெண்மணி கறுப்புச் சட்டை போட்டிருந்த மாமாவைக் காட்டி ஏதோ சொல்ல, நிரை முழுக்கச் சிரிப்பு.

"அந்தா நிக்குதாம் மாமி, காகம்!"

மாமாவின் காது சிவந்தது. அவசரமாகக் குனிந்து என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, கூடையோடு ஓடினார். மாமி சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவர் சிரித்து அன்றுதான் கண்டோம்.

மத்தியானம் மாமியின் நிரையில் மறுபடி ஒரு குலை. அடுத்த நிரையில் இரண்டு. எல்லாம் கண்ணுக்கு நேரே தொங்கும் கொழுத்த குலைகள். பாவம், குளிரில் கண் தெரியவில்லையாக்கும் என்று, மாமா வருவதற்குள் ஓடி ஓடி எல்லாவற்றையும் வெட்டினேன்.

"உனக்கு வேறை வேலை இல்லையோ, பிள்ளை?" என்று மாமி முறைத்தார்.

"சிவபூசைக்கை கரடி!" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

காப்பாற்றியவளுக்கு இதுதானா பட்டம் என்று எனக்குக் கோபம். அந்தக் குளிர்காலம் மாமி ஊருக்குப் போகவில்லை. நான் வெட்டிக் காப்பாற்றியதால்தான் அவர் நின்றுவிட்டார் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.