எதிர்த்தரப்பு எஞ்சினியரின் ஒன்பது பக்கம்

போன செவ்வாய்க்கிழமை என் கணவரின் கடைசி நிமிடத்தைப் பற்றி வாசித்தேன். எங்கே தெரியுமா? எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் அலுவலகத்தில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில், அவருடைய லிகிதர் என்னையே முறைத்துக்கொண்டிருக்க...

ஒன்பது பக்கம். அதைக் கண்ணால் காண எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

புதிதாக வாசிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கல்லடியில் எங்கள் வீட்டையும் ஒரே மகளையும் சுனாமி கொண்டுபோனது. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டே பேர். யுத்தம் முடிந்த வருடம், வவுணதீவு வயலிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிய இவரை, பொழுதுபட்ட நேரம் ஒரு லொறி மோதியது. அதற்குப் பிறகு நான் ஒருத்தி.

நட்டஈட்டு வழக்குப் போட்டேன். லொறியின் இன்சூரன்ஸ் கம்பனி கொழும்பிலிருந்து ஒரு எஞ்சினியரை இறக்கியது. பொலிஸ் வளவில் கிடந்த மோட்டார் சைக்கிளை அவர் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்து அறிக்கை எழுதினார். லொறிச் சாரதியோ, "லைட் இல்லாம வந்தவர்" என்று மறுமொழி கொடுத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருட்டில் லைட் இல்லாமல் வர இவருக்கென்ன பைத்தியமா? பச்சைப் பொய் என்று இந்தப் பத்தியிலேயே எழுதினேன். நினைவிருக்கிறதா?

அறிக்கையைக் காட்டுங்கள் என்றால் மாட்டார்களாம். மோட்டார் சைக்கிள் எங்களுடையது, செத்தவர் என்னுடையவர் — அறிக்கை மட்டும் அவர்களுடையது!

என் மகள் இருந்திருந்தால் என் சட்டத்தரணியின் வயதுதான் இருக்கும். பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

"அன்டி, அது அவங்க எழுதுவிச்ச அறிக்கை. வழக்கில பாவிக்கப் போறமெண்டு பட்டியல்ல போட்டாத்தான் நாங்க பாக்கக் கேக்கலாம்."

"போடாட்டி, மனே?"

"அவங்களுக்கு நல்லதா இரிந்தாப் போடுவாங்க."

போட்டார்கள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பிரேக் நல்லம். டயர் நல்லம். பல்ப் உடையவில்லை. ஏழாம் பக்கத்தில் இரண்டு வரி: கியர், இரண்டாவதில். முன் லைட் சுவிட்ச், அணைக்கப்பட்ட நிலையில்.

திரும்பவும் வாசித்தேன். வேகத்தைக் குறைத்திருக்கிறார். லைட்டையும் தானே அணைத்திருக்கிறார். எதற்கு?

கொழும்பு எஞ்சினியருக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. விபத்து நடந்த வளைவில்தான் முன்பு இராணுவச் சோதனைச்சாவடி இருந்தது. தூரத்திலேயே லைட்டை அணைத்து, மெதுவாகப் போய், இறங்கி உருட்ட வேண்டும். மறந்தால் துப்பாக்கி வெடி விழலாம். எத்தனை வருடப் பழக்கம்! நானே பின்னாலிருந்து, "லைட்ட நூருங்க, லைட்ட நூருங்க" என்று அணைக்கச் சொல்லி அவர் முதுகில் தட்டியிருக்கிறேன்.

விபத்துக்கு மூன்று நாள் முன்புதான் சாவடியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இவருக்கு அது தெரியும். அன்று காலையில்கூடச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். கைக்குத்தான் தெரியவில்லை.

ஆக, லொறிச் சாரதி சொன்னது உண்மை. அவரைப் பொய்யர் என்று எழுதியதற்கு இதே இடத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

வெளியே வந்து என் சட்டத்தரணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் நூத்தாரெண்டு அவங்கட எஞ்சினியருக்குத் தெரியாது அன்டி. அப்பிடி ஒரு பழக்கம் இரிந்ததெண்டு சொல்ல ஆள் வேணும். உங்கட சொல் மட்டும் போதாது, நீங்க வழக்காளி. ஆள் இல்லாட்டி வழக்குத் தோத்துரும்."

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும், "இஞ்சேருங்க, ஒரு விசயம் தெரியுமா?" என்று வாயெடுத்துவிட்டேன். யாரிடம் சொல்ல அவ்வளவு அவசரமாக ஓடிவந்தேனோ, அவர்தான் இல்லையே! இவர் போன அன்றுகூட நான் இவ்வளவு தனித்துப் போகவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். வவுணதீவு வீதியில் ஓடித் திரிந்தவர்களே, சாவடி போன பிறகும் அந்த வளைவில் லைட்டை அணைத்தவர்கள் உங்களில் யாராவது இருக்கிறீர்களா? வந்து சாட்சி சொல்லுங்கள். கோர்ட்டில் ஏற வெட்கமா? பரவாயில்லை, என் வீட்டுக்கு வந்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, எனக்கு மட்டுமாவது சொல்லிவிட்டுப் போங்கள் —

"ஓம் அக்கா, நானும் நூத்தனான்."