சந்திரம்மா அடிக்கச் சொன்ன சொல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் செங்கல்பட்டு தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்கோபம் அதிகம். சந்திரம்மாவுக்கு என்னைவிட அதிகம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன் விற்கிறவள்.

அவள் தம்பி இருசப்பனுக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்து இரண்டு கால்களும் விளங்காமல் போய்விட்டன. அப்போது அவனுக்கு முப்பது வயது. தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் அக்காதான். கூடையைத் தலையில் வைத்துத் திருக்கழுக்குன்றம் வரை நடந்து, விற்றுவிட்டு அவள் திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். அதுவரை அவன் தனியாகக் கிடப்பான். நடக்க முடியாதவர்களுக்குச் சர்க்கார் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது வந்தால் தனக்கும் கூடைக்கும் டிக்கெட் எடுத்து, பஸ்ஸில் போய் மத்தியானத்துக்குள் வீடு வந்துவிடலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். "ஆதரவற்ற இருசப்பன்" என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"ஆதரவற்றன்னா இன்னா?"

"யாரும் இல்லாதவன்னு அர்த்தம்."

"நான் குத்துக்கல்லாட்டம் கீறேன். அத்த அடி."

இந்தப் பணமே ஆதரவற்றவர்களுக்குத்தான், அந்தச் சொல் இல்லாவிட்டால் மனு குப்பைக்கூடைக்குத்தான் போகும் என்று எவ்வளவோ சொன்னேன். அவள் மசியவில்லை. எனக்கும் பொறுமை போய்விட்டது. அடிப்பதுபோல் பேனாவை ஆட்டிவிட்டு, அந்தச் சொல்லை மட்டும் விழுங்கி இன்னொரு முறை படித்தேன். திருப்தியாகக் கைநாட்டு வைத்தாள்.

அடுத்த மாதம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ராமதாஸ் விசாரணைக்குப் புறப்பட்டார். வழி காட்ட என்னையும் கூட்டிக்கொண்டார். போய்ப் பார்த்தால் குப்பமே அவள் வாசலில் நிற்கிறது. நல்ல வார்த்தை சொன்னால் பணம் கிடைத்துவிடும் என்று நம்பி, ஆளாளுக்கு அள்ளிவிட்டார்கள்.

"ராஜாவாட்டம் வச்சிகினு கீறா சார்," என்றார் ஒருவர்.

"தெனம் வஞ்சிரம் துன்றான்," என்றாள் பக்கத்து வீட்டுக் குப்பம்மா. ஒவ்வொரு வார்த்தையும் மனுவைக் குப்பைக்கூடைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

ராமதாஸ் மனுவை உரக்கப் படித்தார். 'ஆதரவற்ற' என்றதும் சந்திரம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் தென்னை மரத்துக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"பொண்டாட்டி, புள்ள, அப்பா யாராச்சும் உண்டா?" என்று கேட்டார் ராமதாஸ்.

"இல்ல. நான் கீறேன்."

"அக்காவ இந்த ஃபாரத்துல கேக்கலம்மா."

"கேக்கலன்னா நான் இல்லன்னு ஆயிடுமா? இந்தப் பணமே வேணாம், எட்துகினு போ சார்."

பாயில் உட்கார்ந்திருந்த இருசப்பன் சிரித்தான். "அக்கா, சர்க்காருக்கு உன்னத் தெரியல, எனக்குத் தெரியும் இல்ல? நீ மத்தியானமே வந்துட்டா நான் காலையிலயே வயிறு நெறைய தண்ணி குடிப்பேன்."

"இப்ப குடிக்கறது இல்லியா?"

"குடிச்சா வெளிய தூக்கினு போவ ஆள் வேணுமே. நீ வர்ற வரைக்கும் குடிக்கறதில்ல."

இத்தனை வருஷமாக அவளுக்கு அது தெரியாது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக்கோ சார், இன்னா வேணா எழுதிக்கோ," என்றாள்.

முதல் மணியார்டர் வந்த மறுநாளே பஸ் ஏறிவிட்டாள். கூடையைப் பார்த்து முகம் சுளித்த கண்டக்டர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த மாதப் பணத்தைக் கொடுக்கத் தபால்காரர் தனகோடி போனபோது உச்சிவெயில். சந்திரம்மா வீட்டில் இருந்தாள். இருசப்பன் இரண்டாவது செம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தானாம். அவன் கைநாட்டு வைத்தான். சாட்சிக்கு அவள் விரலை நீட்டினாள்.

"நீ அவனுக்கு இன்னா வேணும்மா?" என்று கேட்டாராம் தனகோடி.

"ஆதரவுன்னு எழுது."

அவரும் அப்படியே எழுதினாராம்.