எட்டாம் நம்பர் மாப்பிள்ளை

“யோவ் எட்டாம் நம்பரு! பந்து முன்னாடி போவணும்யா, முன்னாடி!” அந்தக் கத்தல் இன்னும் என் காதில் நிற்கிறது. கத்தியவர் என் அப்பா. எட்டாம் நம்பர் சட்டை போட்டிருந்தவர் என் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு மாமா. கல்யாணமான புதிது. அக்காவும் நானும் கால்பந்துத் திடலின் காம்பவுண்டுச் சுவர்மேல் அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. அதே அப்பா வீட்டுக்கு வந்ததும், “இன்னும் ரெண்டு இட்லி வெச்சிக்கோங்க மாப்ள” என்று உபசரிக்கிறார்! மாப்பிள்ளையை முகத்துக்கு நேராக ஒரு சொல் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆகவே, வாரம் முழுக்க அடக்கி வைத்ததை அப்பா ஞாயிற்றுக்கிழமை திடலில் கொட்டிவிடுவார். அங்கே அவர் மாப்பிள்ளை இல்லையாம், வெறும் எட்டாம் நம்பராம். நல்ல நியாயம்!

மாமாவுக்குச் சொந்த ஊர் சின்னசேலம். பல வருஷம் அந்த ஊர் டீமுக்காக எங்களுக்கு எதிராக ஆடியவர். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் ஊரான கள்ளக்குறிச்சியில் மோட்டார் ரிப்பேர் கடை போட்டு, எங்கள் டீமில் நடு ஆட்டக்காரராகச் சேர்ந்தார். சந்தேகத்துக்கு அது ஒன்றே போதும். போதாததற்கு, பந்து கிடைத்தால் முன்னால் அடிக்காமல் பின்னால் நிற்பவனிடம் தள்ளிவிடுவார். எங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் பந்து வானத்துக்குப் போக வேண்டும், உடனே விசில் பறக்க வேண்டும். அதிலும் அப்பா பஸ் கண்டக்டர். “முன்னாடி போங்க, எடம் இருக்குது” என்று ஆயுசு முழுக்கக் கத்திய தொண்டை அது. பந்து பின்னால் போவதைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். மாமாவோ முகம் கழுவிவிட்டு வந்து இட்லி சாப்பிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷப் பொங்கல் போட்டியின் இறுதி ஆட்டத்தில் எங்களோடு மோத வந்தது சின்னசேலமேதான். எங்கள் டீம் கேப்டன் வீடு தேடி வந்து, “பெரியவரே, இந்த ஒரு மேட்சுக்கு மட்டும் மாப்பிள்ளைய வெளிய உக்கார வெச்சிடட்டுமா? ஜனங்க ஒரு மாதிரி பேசிக்கினு இருக்காங்க” என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “சொந்த ஊருக்கு எதிரா அவரு மனசார ஆடுவாரா? எனக்கே நம்பிக்க இல்லப்பா” என்றார். உள்ளே மாவு கரைத்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே எழுந்து வந்துவிட்டாள். அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. “பொண்ணையே நம்பிக் குடுத்தீங்க. ஒரு பந்த நம்பிக் குடுக்க முடியலியா உங்களால?” என்றாள். கண்ணில் தண்ணீர், கையெல்லாம் மாவு. கேப்டன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாமாவின் பெயர் ஆட்டக்காரர் பட்டியலில் அப்படியே இருந்தது.

ஆட்டத்தன்று கல்வராயன் மலைப் பக்கம் கறுத்து, ஒரு தூறல் விழுந்து, திடல் சேறாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கோல். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். நடுவில் மாமாவின் காலுக்குப் பந்து வந்தது. “அடி! அடி!” என்று சுவரே கத்தியது. மாமா திரும்பி, அதைப் பின்னால் நின்ற எங்கள் தடுப்பாட்டக்காரரிடம் உருட்டிவிட்டார். “மேட்ச வித்துட்டான்யா!” என்று யாரோ அலறினார்கள். அக்கா என் மணிக்கட்டை நெரித்தாள். சின்னசேலத்துக்காரர்களும் மாமா பயந்துவிட்டதாகத்தான் நினைத்திருக்க வேண்டும். எல்லோரும் ஒன்றாகப் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். பந்து நொடியில் மாமாவிடமே திரும்பியது. இப்போது அவருக்கு முன்னால் ஒரு ஆள்கூட இல்லை. தரையோடு ஒரே தள்ளு. எங்கள் வலது பக்க ஆட்டக்காரர் தனியாக ஓடிப்போய் வலைக்குள் போட்டார். நான் கத்திய கத்தலில் ரெண்டு நாள் குரலே வரவில்லை.

விசில் ஊதியதும் அப்பா செருப்பைக்கூட விட்டுவிட்டுச் சேற்றில் ஓடினார். “இன்னா மாப்ள, அவனுங்கள இழுக்கறதுக்குதான் பின்னாடி தள்ளுனீங்களா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“நீங்க எங்க மாமா கேட்டீங்க? கத்திக்கினு இல்ல இருந்தீங்க! எல்லாரும் ஒரு பக்கமா முட்டிக்கினு வந்தா இன்னொரு பக்கம் காலியாயிடும். பஸ்ஸுல பாக்காததா?”

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பாதான் ஜாஸ்தியாகச் சிரித்தார். சின்னசேலத்துப் பெரியவர் ஒருவர், “எங்க ஊரு ஆளுதான உங்களுக்குக் கப்பு வாங்கிக் குடுத்தாரு?” என்று சீண்டினார். அப்பா, சேற்று உடம்போடு நின்ற மாமாவைத் தோளோடு அணைத்துக்கொண்டு, “ஊரு உங்களுதுங்க, ஆளு எங்களுது” என்றார். அக்கா சுவரைவிட்டு இறங்காமல் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

இப்போது மாமாவுக்கு முட்டி ஒத்துழைப்பதில்லை. அப்பாவோடு சுவர்மேல் உட்கார்ந்து பார்க்கிறார். இந்த வருஷம் வெள்ளிமலையிலிருந்து ஒருவர் எங்கள் டீமில் நடுவில் ஆட வந்திருக்கிறார். போன ஞாயிறு அவர் பந்தைப் பின்னால் தள்ளியதும் கூட்டம் ஊளையிட்டது. அப்பா எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: “வாய மூடிக்கினு பாருங்கடா! பந்து இப்ப திரும்பி வரும் பாரு!”

எங்கே வந்தது? பந்து சறுக்கி நேராக எதிரிக் காலுக்குப் போனது. கோலும் விழுந்தது. கூட்டம் அப்பாவைப் பார்த்துச் சிரித்தது. மாமா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அப்பா உட்காரவில்லை.

“வரும்டா! அடுத்த தபா வரும்!”