அக்கரைக்குப் பழுத்த தார்

நாளை கொல்லிமலை ஏரிக்குப் போகலாம் என்று மகன் வாங்கி வந்த மலைவாழைத்தார் கூடத்து மூலையில் மணக்கிறது. சேந்தமங்கலத்து வீட்டில் சும்மா படுத்திருந்த என்னை அந்த மணம் மலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அது வெள்ளைக்காரன் காலம். மலைக்கு ரோடு கிடையாது. அம்மா அப்பாவிடம் கோபித்துக்கொண்டு, ஏரிக்கு அக்கரையில் இருந்த மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை அழைத்துவரத்தான் அப்பா தார் வெட்டிப் புகைபோட்டுப் பழுக்க வைப்பார்.

"பழுத்ததும் போலாம் கண்ணு" என்பார்.

வீடே மணக்கும் நாளில் எனக்கு எண்ணெய் வைத்துத் தலைசீவி, தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்புவார்.

ஏரிக்கரையில் ஆள் அரவமே இருக்காது. காற்று மட்டும் காதை அடைக்கும். அக்கரையில் மாமன் வீட்டுக் கூரைமேல் புகை சாய்ந்து போகும். அப்பா அதையே பார்த்து நிற்பார்.

"அடுப்பு எரியுது. உங்கம்மா சோறாக்கறா போல."

"வாங்கப்பா, போலாம்."

"காத்து அடங்கட்டும் கண்ணு."

படகிலா போகப்போகிறோம்? கரையோரமாக நடந்தால் வீடு வந்துவிடும். அந்த ஏரியில் காற்று அடங்கி நான் பார்த்ததே இல்லை. தாரோடு திரும்பி வருவோம். தோல் கறுக்கும்வரை நாங்கள் இருவருமே தின்று தீர்ப்போம். பிறகு அப்பா அடுத்த தாரை வெட்டுவார். அம்மா வரவே இல்லை.

"ஏனுங்கம்மா, வெடியக்காலமே கெளம்பீரலாங்களா?" மகன் வந்து கேட்டான்.

"காத்து அடங்கட்டும் சாமி" என்றேன்.

அவன் சன்னல் வழியே வெளியே பார்த்தான். வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.