எங்கள் வீட்டைத் தாண்டிப் போன பாட்டு

அம்மா இறந்த நான்கே மாதத்தில் அப்பா பாதி ஆளாகிவிட்டார். அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் நான் பள்ளிக்கூட டீச்சர். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவும் நானும் மட்டும்தான் வீட்டில். தட்டை வைத்தால் இரண்டு வாய், பேச்சுக் கொடுத்தால் ஒரு "ம்". டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். கெஞ்சிக் கொடுத்தேன், திட்டியும் கொடுத்தேன். அதட்டினால் எல்லாம் நடக்கும் என்ற வாத்தியார் புத்தி எனக்கு.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. அந்த நாட்களில் எங்கள் தெருவில், விளக்கு வைக்கும் நேரத்துக்கு, தினம் ஒரு வீட்டில் வயசாளிகள் கூடி, இயேசு ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளைப் பாடுவார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. "உன் மகனை எங்கே கொண்டுபோகிறார்கள்?" என்கிற மாதிரி ஆண்கள் மாதாவிடம் கேட்டுப் பாடுவார்கள். பெண்கள் மாதாவாக அழுது பதில் பாடுவார்கள். ஆண்களுக்கு முதல் வரி எடுத்துக் கொடுப்பது அப்பா, பெண்களுக்கு அம்மா. வீட்டில் உப்பு, புளி தவிர வேறு பேச்சில்லாத இரண்டு பேர், தவக்காலம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி பாடுவார்கள். எனக்குக் கூச்சமாகக்கூட இருக்கும்.

அந்த வருஷம் பாட்டு பக்கத்து வீடு வரை வந்துவிட்டது. மறுநாள் எங்கள் முறை. நான் பாய் விரித்தேன். அப்பா சொல்லாமலே சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பாட்டோ எங்களைத் தாண்டி அடுத்த வீட்டில் கேட்டது. செத்த நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்றைக்குச் சோற்றைத் தொடவே இல்லை. இந்த மனுஷனும் போய்விடுவார் என்று ராத்திரி முழுக்க அவர் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேரே பாட்டுக் கூட்டத்தில் மூத்தவரான பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"துக்க வீடுல்ல தாயி. ஒங்கம்மா எடுத்துக் குடுக்கிற பாட்டு. காதுல விழுந்தா அந்த மனுசன் தாங்குவாரா? அதான் விட்டுட்டோம்."

"நீங்க தாண்டிப் போனதைத்தான் தாங்கல பெரியம்மா. சட்டையெல்லாம் போட்டு உக்காந்திருந்தாரு."

பெரியம்மா வாயில் கை வைத்தார். "ஆண்டவரே! நல்லதுன்னு நெனச்சுல்ல செஞ்சோம். இன்னைக்கே வாரோம்."

அன்று சாயங்காலமே பாட்டுக் கூட்டத்தின் பதினைந்து பேரும் வந்தார்கள். பெண்கள் அம்மாவின் இடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அப்பா கரகரத்த குரலில் முதல் வரியைப் பாடினார். எதிர் வரிசையில் சத்தமே இல்லை. அம்மா எடுக்க வேண்டிய வரி. அதை எடுக்க ஒருத்திக்கும் மனசு வரவில்லை. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பாடித் தொலையுங்களேன் என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

பதிலையும் அப்பாவே பாடினார்.

மாதா அழுகிற வரியை, எட்டாத சுருதியில், உடைந்த ஆண் குரலில் பாடினார். கடைசிச் சொல்லுக்கு முன்னால் அம்மா மூச்சு வாங்குகிற இடத்தில் அவரும் மூச்சு வாங்கினார். இரண்டாவது வரியில் பெரியம்மா சேர்ந்துகொண்டார், பிறகு எல்லாப் பெண்களும். அப்புறம் அப்பா கேட்க, அவர்கள் பதில் சொன்னார்கள். போகப் போக அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. "ஓடாதீங்கப்பா, நிதானமாப் பாடுங்க" என்று பக்கத்தில் இருந்தவரை அதட்டக்கூடச் செய்தார். நான்கு மாதத்தில் அவர் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். நான் கஞ்சியும் டானிக்குமாக மல்லுக்கட்டி முடியாததை இந்தப் பொக்கை வாய்க்காரர்கள் ஒரே சாயங்காலத்தில் செய்துவிட்டார்கள். பிழைத்துக்கொள்வார் என்று தெரிந்துவிட்டது. இனி நான் காவல் இருக்க வேண்டியதில்லை.

சுக்குக் காப்பி போட அடுக்களைக்குள் போனவள் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றேன். அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து நான் அழவில்லை. அப்பாவைப் பார்ப்பேனா, அழுவேனா? இப்போது வந்த அழுகை நிற்கவில்லை.

தண்ணீர் குடிக்க வந்த பெரியம்மா பார்த்துவிட்டார். என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அழு தாயி, நல்லா அழு. பாட்டு முடிய இன்னும் நேரங் கெடக்கு."