அட்டையின் இடது மேல் மூலை

டஸ்டினைப் பிடித்துக்கொண்டு போன நாள் அக்டோபர் மாதத்து முதல் திங்கட்கிழமை. சோள அறுவடை பாதி முடிந்திருந்தது. ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தாலும், ஆர்டித் அத்தை வழக்கம்போல, சாலையோரப் பெட்டிகள் எட்டும்படி தன் காரின் வலது இருக்கையில் உட்கார்ந்து, இடது கையையும் இடது காலையும் நீட்டி ஓட்டியபடி, பண்ணை வீடுகளின் தபால் பெட்டிகளில் கடிதம் போட்டுக்கொண்டு வந்தாள். எதிரே ஷெரிப்பின் போலீஸ் வண்டி வந்தது. எங்கள் பக்கத்துச் சரளைச் சாலைகளில் எதிரே எந்த வண்டி வந்தாலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம். தெரிந்தவரா என்று பார்ப்பதில்லை. அத்தை தூக்கினாள். வண்டி ஓட்டியவரும் தூக்கினார். கடந்து போகும்போதுதான் பின்சீட்டில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம், அவள் மகனின் முகம் தெரிந்தது.

அவள் நிறுத்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய், ஹோல்ம் வீட்டுக்கு வந்திருந்த விதை விளம்பரத்தை உள்ளே தள்ளிவிட்டு, மீதி வீடுகளையும் முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"அவன் என்னைப் பார்த்தான், டெஸ்," என்று அன்று மாலை என்னிடம் சொன்னாள். "விரலைத் தூக்கினதையும் பார்த்தான். மூஞ்சியத் திருப்பினதையும் பார்த்தான்."

ஆர்டித் நோவாட்னி என் அப்பாவின் அக்கா. கணவர் இறந்து வெகுகாலமாகிறது. ஒரே மகன் டஸ்டின். நான் பல வருஷம் நியூசிலாந்தில் ஆப்பிள் பறித்து, கொரியாவில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, ஒரு பயணக் கப்பலில் தட்டுக் கழுவிவிட்டு அந்த இலையுதிர்காலத்தில்தான் நெப்ராஸ்காவுக்குத் திரும்பியிருந்தேன். வீட்டின் அடித்தள அறையை எனக்குக் கொடுத்து, "ஓடறதுக்கு முன்னாடி மட்டும் சொல்லிட்டு ஓடு," என்றாள்.

டஸ்டின் செய்தது திருட்டு. வயல்களில் வட்டமாகச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் பெரிய பாசன இயந்திரங்களிலிருந்து செப்புக் கம்பியை அறுத்துப் பழைய உலோகக் கடையில் விற்றிருக்கிறான். ஹோல்ம் வயலிலும் அறுத்திருந்தான். எல்லாம் அத்தை தினமும் தபால் போடும் வழியில் இருந்த வயல்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டான், கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்துச் சிறையிலேயே சில மாதம் என்று தீர்ப்பானது.

"ஆர்டித் குடும்பம் காலையில கொடுத்துட்டுப் போகும், ராத்திரி வந்து எடுத்துட்டுப் போகும்," என்று காபிக் கடையில் யாரோ சொன்னார்கள். நல்ல நகைச்சுவைதான். வேறு யார் குடும்பமாக இருந்தாலும் அத்தையே அதை இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பாள். அந்தக் கடையின் நடு மேசை பல வருஷமாக அவளுடையது. ஊர்ச் செய்தி அவள் வாயிலிருந்து வந்தால்தான் சுவை என்பார்கள்.

அதில் ஒரு செய்தியை அவள் எனக்குத் தானாகவே சொன்னாள்.

எங்கள் சிறைக்கு உறை போட்ட கடிதம் அனுப்ப முடியாது. உறைக்குள் என்னென்னவோ வைத்து அனுப்புகிறார்கள் என்று, தபால் அட்டை மட்டும்தான் என ஆக்கிவிட்டார்கள். நீல மையிலோ கறுப்பு மையிலோ எழுத வேண்டும். ஒட்டுப்படம், உதட்டுச்சாயம் எதுவும் கூடாது. ஊரிலிருக்கும் மனைவிமாரும் அம்மாக்களும் எழுதுவதெல்லாம் தபால் நிலையத்துத் தட்டில் மல்லாந்து கிடக்கும். அந்தத் தட்டைத் தினமும் காலையில் சிறையில் கொண்டுபோய் வைப்பது அத்தையின் வேலை.

பல்பொருள் அங்காடியில் கல்லாவில் நிற்கும் ராண்டா, உள்ளே இருந்த தன் கணவனுக்கு ஒரு முறை எழுதியிருந்தாள்: 'உன் பக்கம் துவைத்த துணியைக் குவித்து வைத்துக்கொண்டு தூங்குகிறேன். காலியாகத் தெரியக் கூடாதென்று.' அத்தை அதை நடு மேசையில் சொன்னாள். அந்தக் குளிர்காலம் முழுக்க, பால் வாங்க வந்த ஆண்கள் ராண்டாவிடம், "என்ன ராண்டா, துணியெல்லாம் நல்லாத் தூங்குதா?" என்று கேட்டார்கள்.

"அவ பதிலே சொல்ல மாட்டா," என்றாள் அத்தை. "பையில பாலை வச்சுட்டு மீதிச் சில்லறையக் கையில கொடுக்க மாட்டா, மேடையில வைப்பா. நான் அதையும் சொல்லிச் சிரிச்சேன்."

டஸ்டின் பிடிபட்ட பிறகு அத்தை காபிக் கடைப் பக்கம் போகவில்லை.

உள்ளே போன இரண்டாம் நாள் அவன் தொலைபேசியில் அழைத்தான். சிறை அழைப்பு நேராக வராது. முதலில் ஒரு இயந்திரக் குரல், இன்ன கவுண்டிச் சிறையிலிருந்து இன்னார் அழைக்கிறார் என்று சொல்லும். 'இன்னார்' என்கிற இடத்தில் மட்டும் அழைப்பவரின் சொந்தக் குரல் வரும். பெயர் சொல்ல அவருக்கு இரண்டு நொடி கொடுப்பார்கள். பேச்சு பதிவாகும், ஏற்பதானால் ஐந்தை அழுத்து என்று அதன்பின் சொல்லும். அத்தை அப்போது தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தாள். கை நிறைய வேலை இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டு எடுத்தாள். சிறையின் பெயர் அறை முழுக்கக் கேட்டது. டஸ்டின் பெயரைச் சொல்லவில்லை. "அம்மா, நான்தான்," என்றான்.

அவள் ஐந்தை அழுத்தவில்லை. துண்டித்துவிட்டாள். அவன் மறுபடி அழைக்கவில்லை.

அதற்குப் பதிலாகத்தான் அட்டை எழுத ஆரம்பித்தாள். உள்ளூரில் வாங்கவில்லை. பக்கத்து ஊருக்கு வண்டி ஓட்டிப் போய் வாங்கி, அடையாளம் தெரியாதபடி கொட்டை எழுத்தில் எழுதி, அந்த ஊர்ப் பெட்டியிலேயே போட்டாள். மறுநாளே அது எங்கள் தபால் நிலையத்துத் தட்டுக்கு வந்து சேரும். அவளே அதை எடுத்துப் போய்ச் சிறை மேசையில் வைப்பாள், யாரோ யாருக்கோ எழுதியது போல.

வாரம் ஒன்று எழுதினாள். சமையல் மேசையில் கிடந்ததை நானும் பார்த்திருக்கிறேன். நாய் ரஃபஸுக்குக் காதில் புண், மருந்து போட விட மாட்டேன் என்கிறது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மறுபடி கொட்டு அடிக்கிறது. ஹோல்ம் கன்று வேலியைத் தாண்டி வந்து பூசணியைத் தின்றுவிட்டது. பனி அள்ளும் மண்வாரியை எங்கே வைத்தாய்? ஒன்றிலும் அம்மா என்றோ, ஆர்டித் என்றோ இல்லை. அட்டையின் இடது மேல் மூலையில், அனுப்புகிறவர் பெயர் எழுதுகிற இடம் வெறுமையாக இருந்தது.

"அங்க பேர் போட வேண்டாமா அத்தை?"

"ஸ்டாம்பு இருக்கு, விலாசம் இருக்கு. போய்ச் சேரும். இந்த வேலைய எனக்கு நீ சொல்லித் தராத."

அவன் கணக்கில் பணம் போடவும் என்னைத்தான் அனுப்பினாள். சிறைக்குள் கையில் காசு கொடுக்க முடியாது. வரவேற்பறையில் நிற்கிற இயந்திரத்தில் போட்டால், அவன் உள்ளே சோப்போ நூடுல்ஸோ வாங்கிக்கொள்ளலாம். அந்த இயந்திரம் அனுப்புகிறவரின் பெயரைக் கேட்கும். "உன் பேரையே போடு," என்றாள் அத்தை. போட்டேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். பார்ப்பது என்றால் வரவேற்பறையிலேயே ஒரு வீடியோத் திரைமுன் உட்கார்ந்து, சங்கிலி போட்ட ரிசீவரில் பேசுவது. அவன் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கோ இன்னொரு திரைமுன் இருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான்.

"பணத்துக்கு நன்றி, டெஸ். சம்பாதிக்கிறதே கொஞ்சம். உனக்கெதுக்கு இந்த வேலை?"

"அது அத்தை கொடுத்தது."

"ரசீதுல உன் பேர்தான் வருது."

"அவங்கதான்டா கொடுத்தாங்க. கார்டுலயும் எழுதியிருப்பாங்களே."

"எந்தக் கார்டு?"

"வாராவாரம் எழுதறாங்களே."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுத்துக் கீழே பார்த்தான். "எனக்காகப் பொய் சொல்லாத, டெஸ். சாலையில என்னைப் பார்த்து மூஞ்சியத் திருப்பினாங்க. போனைக் கட் பண்ணாங்க. புரியுது எனக்கு. சும்மா எதையாவது கட்டி விடாத."

நான் பதில் சொல்வதற்குள் நேரம் முடிந்து திரை இருண்டுவிட்டது.

மேசையில் இருந்த பெண் காவலரிடம் போய், டஸ்டின் நோவாட்னிக்கு வந்த அட்டைகள் எங்கே என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்காமல் என் முதுகுக்குப் பின்னால் இருந்த பலகையைப் பேனாவால் காட்டினார். அனுப்புநரின் முழுப் பெயரும் விலாசமும் இல்லாத எதுவும் கைதியிடம் தரப்படாது; அவருடைய உடைமைப் பையில் வைக்கப்பட்டு, விடுதலையாகும்போது திருப்பித் தரப்படும்.

"நிறைய சேர்ந்திருக்கு," என்றார் காவலர். "கொட்டை எழுத்து. யாரோ பாவம், பேர் போடத் தெரியல."

பின்னால் பெஞ்சில் ஒருத்தி சிரித்தாள். திரும்பினால் ராண்டா. அவள் கணவன் மூன்றாவது தடவையாக உள்ளே இருந்தான். அவள் முறைக்குக் காத்திருந்தாள்.

"ஆர்டித்தா?" என்றாள். "தினமும் இந்த மேசையில வந்து தட்டை வைக்கிறவங்களுக்கு இந்தப் பலகை தெரியலையா?"

"வச்சுட்டு உடனே திரும்பிடுவாங்க. படிச்சிருக்க மாட்டாங்க."

"படிக்காமலா? எங்க கார்டெல்லாம் நல்லாப் படிச்சாங்களே." சிரிப்பு நின்றுவிட்டது. கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். "போய்ச் சொல்லு. பேரைப் போடச் சொல்லு. ஒண்ணும் செத்துப் போக மாட்டாங்க. நான் சாகலையே."

வீட்டில் வந்து சொன்னபோது அத்தை அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"ஒண்ணுகூடவா கொடுக்கல?"

"ஒண்ணுகூட. நான் அவனுக்கு எழுதிச் சொல்லிடறேன் அத்தை."

"வேண்டாம். நீ சொன்னா, நான் சொல்லச் சொன்னதாத்தான் நினைப்பான். நானே எழுதறேன்."

எழுதினாள். இந்தத் தடவை அவளுடைய சொந்தக் கையெழுத்து. 'டஸ்டின், அந்த அட்டைகள் எல்லாம் நான் எழுதியவைதான். நேராக வீட்டுக்கு வா. அம்மா.' இடது மேல் மூலையில் ஆர்டித் நோவாட்னி என்று முழுப் பெயரும் விலாசமும் எழுதினாள். எழுதிய பின் அதைக் காரில், வெயில் மறைக்கும் பலகையில் செருகி வைத்தாள்.

அது அங்கேயே இருந்தது. நான் கேட்கும்போதெல்லாம் "இன்னிக்குப் போட்டுடறேன்," என்பாள். ஒரு முறை தபால் நிலையம் வரை கொண்டுபோயிருக்கிறாள். ஹோல்ம் ஒரு பார்சலுடன் ஜன்னலில் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தாள்.

பிப்ரவரியில் ஒரு வழியாகப் போட்டாள். இரண்டு நாள் கழித்து, தபால் நிலைய அதிகாரி லைல் அதை அவள் கடிதம் பிரிக்கும் இடத்துக்கே கொண்டுவந்தார். முகப்பில் சிவப்பு முத்திரை விழுந்திருந்தது: இங்கே இல்லை, திருப்பி அனுப்புக.

"அவனை வெள்ளிக்கிழமையே விட்டுட்டாங்களாம், ஆர்டித். நல்லபடியா நடந்துக்கிட்டான்னு நாள் குறைச்சிருக்காங்க. பெட்ரோல் பங்க்ல டென்வர் பஸ் ஏறினதை ராண்டா பார்த்திருக்கா."

அத்தை அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். "இதைப் படிச்சியா?"

"படிச்சேன். மத்ததையும் படிச்சேன். விலாசத்துல ஏழு எழுதும்போது நடுவுல கோடு போடறது இந்த ஊர்ல உங்கப்பாவும் நீயும்தான். முதல் கார்டுலயே தெரியும்."

"காபிக் கடையில யார்கிட்ட எல்லாம் சொன்னே?"

லைல் இருபது வருஷமாக அவளோடு வேலை பார்த்தவர். கடுமையாகப் பேசுகிற மனிதர் அல்ல. "நான் உன்னை மாதிரி இல்ல, ஆர்டித்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனார்.

இதை அத்தை அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஒரு சொல் விடாமல் என்னிடம் சொன்னாள். அடுத்த நாள் வேலை முடிந்து பல்பொருள் அங்காடிக்குப் போய், ஆள் இருந்த வரிசையிலேயே நின்று, ராண்டாவின் முன்னால் தன் முறை வந்ததும், "அந்தத் துணி விஷயத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள். ராண்டா மீதிச் சில்லறையை மேடையில் வைத்தாள்.

டஸ்டினிடமிருந்து எதுவும் வரவில்லை. அந்த வருஷம் முடிந்தது. அடுத்த கோடையும் முடிந்தது. அத்தை புதிதாக ஒரு மண்வாரி வாங்கினாள்.

இரண்டாவது குளிர்காலத்தில், என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க விண்ணப்பத்தோடு தபால் நிலையத்தில் நின்றேன். எனக்கு முன்னால் ராண்டா; கையில் ஒரு பார்சல். அத்தை அன்றைய தபால் வீடுகளை முடித்துவிட்டு, பூட்ஸில் பனியோடு உள்ளே வந்தாள். லைல் ஜன்னலுக்கு அடியிலிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி அவளிடம் நீட்டினார். மேலே ஒரு மலைப் படம்.

அத்தை அதைத் திருப்பிப் பார்த்தாள். ராண்டாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அட்டையை லைலிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"கண்ணாடி வண்டியில இருக்கு. நீதான் படிச்சிட்டியே. சத்தமாப் படி."

"இங்கயா?"

"இங்கதான்."

லைல் இடது மேல் மூலையிலிருந்து ஆரம்பித்தார். டஸ்டின் நோவாட்னி என்ற பெயரையும், கொலராடோவில் ஒரு தெருவையும், கதவு எண்ணையும் படித்தார். பிறகு மீதியைப் படித்தார்:

"'அம்மா, ஜெயில்ல விடும்போது பையோட கொடுத்த பழுப்பு உறையில கோர்ட்டுக் காகிதம்னு நினைச்சுப் பிரிக்காமலே வச்சிருந்தேன். நேத்து வீடு மாத்தும்போதுதான் பிரிச்சேன். ரஃபஸுக்குக் காது ஆறிடுச்சா? ஃபர்னஸ் கொட்டு அடிச்சா பக்கத்துல இருக்கிற தகட்டை இறுக்கணும், ஆளைக் கூப்பிட வேண்டாம். மண்வாரி கராஜுக்குப் பின்னாடி, விறகு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கு. பதில் எழுதினா பேரைப் போடு. போடாட்டியும் இங்க கொடுப்பாங்க.'"